நகராமல் வளர்வது எப்படி

எங்கள் அலுவலகத்தில் எந்தப் புகார் வந்தாலும் அது சுற்றிச் சுற்றி என் மேஜைக்குத்தான் வந்து சேரும். ஏசி ஓடவில்லை என்றால்கூட "ரெஜினாட்ட சொல்லுங்க" என்பார்கள். நான் அங்கே மென்பொருள் எழுதுகிறவள், ஏசி மெக்கானிக் இல்லை. முதலாளி குலசேகருக்கு இந்த வித்தியாசமெல்லாம் பிடிபடாது. எல்லாம் கரண்டில் ஓடுகிறதுதானே என்பார். அதனால் ஆனி மாதக் கடைசியில் ஒரு நாள் காலை, வரவேற்பில் இருக்கும் பெண் போன் செய்து, பரஞ்சோதி சார் வந்திருக்கிறார், அவருடைய மகள் அவரைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம், மேலே அனுப்பட்டுமா என்று கேட்டபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த மகள் செத்து ஒன்பது வருடம் ஆகிறது.

பதற வேண்டாம். எங்கள் தொழிலே அதுதான். கம்பெனிக்கு நிழற்கூடம் என்று பெயர். மதுரை பைபாஸ் ரோட்டில், கல்யாண மண்டபமாக இருந்து ஓடாமல் போன ஒரு கட்டடத்தை வாங்கி, சின்னச் சின்னக் கூடங்களாகத் தடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு கூடத்திலும் ஒரே ஒரு நாற்காலி, தரையோடு போல்ட் போட்டு முடுக்கியது. அதில் உட்கார்ந்தால் எதிரே செத்துப்போனவர் நிற்பார். படம் மாதிரி இல்லை, ஆள் மாதிரியே நிற்பார். சுவரிலிருந்தும் கூரையிலிருந்தும் வரும் ஒளி அந்த நாற்காலியில் இருக்கும் கண்ணுக்கென்றே கணக்குப் போட்டு வருகிறது. எழுந்து ஓரடி தள்ளி நின்றால் ஆள் கலைந்துவிடுவார். கையில் ஒரு மெல்லிய உறையை மாட்டிக்கொண்டால் தொடவும் தொடலாம். பாவாடையைத் தொட்டால் ஜரிகை விரலில் உறுத்தும்.

பேச்சு மட்டும் கிடையாது. ஆரம்பத்தில் பேச்சும் வைத்துப் பார்த்தார்களாம். செத்த மாமனார் வீட்டை யாருக்குக் கொடுப்பது என்று சொல்லிவிட்டார் என்று ஒரு குடும்பமே கோர்ட்டுக்குப் போய்விட்டது. அதோடு எல்லாருடைய வாயையும் கட்டியாயிற்று. எங்கள் ஆட்கள் நிற்பார்கள், திரும்புவார்கள், சிரிப்பார்கள், காதைச் சொறிந்துகொள்வார்கள். அதற்கே ஜனங்கள் சொந்தபந்தத்தோடு வேன் பிடித்து வருகிறார்கள்.

பெரியவர்கள் செத்தால் எங்களுக்குச் சுலபம். செத்த வயதிலேயே இருந்துகொள்வார்கள். பிள்ளைகள் விஷயம்தான் சிக்கல். சில பெற்றோர் அப்படியே இருக்கட்டும் என்பார்கள். சிலர் வளர வேண்டும் என்பார்கள். அப்படிக் கேட்டால் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வளர்ச்சி ஏற்றுவோம். அப்பா, அம்மா, அத்தை, சித்தி எல்லாருடைய முகத்தையும் வைத்து, இந்த வயதில் இந்தப் பிள்ளை எப்படி இருக்கும் என்று கணக்குப் பார்த்து, உருவத்தை அதற்கேற்றபடி பெரிதாக்குவோம். பரஞ்சோதியின் மகள் நறுமுகை அப்படி வளர்கிறவள். ஐந்து வயதில் சாலை விபத்தில் போனாள். வருகிற ஆடியில் அவளுக்குப் பதினான்கு முடிகிறது.

பரஞ்சோதி டவுன்ஹால் ரோட்டில் ஒரு லாட்ஜில் மேனேஜர். ஒல்லியான மனிதர். எந்த அறைக்குள் நுழைந்தாலும் தனக்கு அங்கே வேலையில்லை என்பதுபோல் ஓரமாக நிற்பார். அன்று கையில் ஒரு துணிக்கடைப் பையோடு வந்து, நான் நாற்காலியைக் காட்டிய பிறகும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் உட்கார்ந்தார். நான் வழக்கமான பாட்டைப் பாடினேன். மன்னிக்கணும் சார், ஒரே வாரத்தில் சரி செய்து தருகிறோம் சார் என்று. அவர் அவசரமாகக் கையை ஆட்டினார்.

"கோளாறுன்னு சொல்ல வரலம்மா. ஒண்ணு கேக்கணும். கேட்டா சிரிப்பீங்க."

நான் சிரிக்க மாட்டேன் என்றேன். அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடியே சொன்னார். முதல் வருடம் வந்தபோது மகள் கை எட்டும் தூரத்தில் நின்றாளாம். ஜடை நுனியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். இரண்டு மூன்று பிறந்தநாள் போனதும் விரல் நுனிதான் பட்டது. பிறகு அதுவும் படவில்லை. இப்போது நாற்காலி விளிம்புக்கு வந்து குனிந்து நீட்டினாலும் எட்டவில்லை. கண்ணும் அப்படித்தான். முன்னே நேராக அவரைப் பார்த்தவள், பிறகு அவர் நெற்றியைப் பார்த்தாள். இப்போது அவர் தலைக்கு மேலே பின்சுவரைப் பார்க்கிறாள்.

"ரெண்டு வருஷம் முன்னாடி, சரி, பெரியவளாயிட்டா, அப்பன் கை படக் கூடாதுன்னு தள்ளி நிக்கிறான்னு நெனச்சேன். ஆனா கண்ணையும்ல எடுத்துட்டா?" பையை மடியில் இன்னும் இழுத்து வைத்துக்கொண்டார். "அவளுக்கு எம்மேல கோவமாம்மா? அவளா இஷ்டப்பட்டுத்தான் தள்ளிப் போறாளா? நீங்க உள்ள இருந்து பாக்குறவுங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

அதற்குள் இஷ்டம் என்று ஒன்றே கிடையாது சார், கணக்கு மட்டும்தான் சார் என்று முகத்துக்கு நேராகச் சொல்ல நாக்கு வரவில்லை. பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பேச்சை மாற்றுவதற்காகப் பையில் என்ன என்று கேட்டேன்.

எடுத்துக் காட்டினார். மயில்கழுத்து நிறத்தில் பாவாடை, சட்டை, தாவணி. நான் திண்டுக்கல் பக்கம் வேதக்கார வீட்டில், சர்ச்சுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவள். அதனால் அவரே பொறுமையாக விளக்கினார். கல்யாணமாகாமல் செத்துப்போகும் பெண்பிள்ளை அவர்கள் வீட்டில் கன்னித் தெய்வம். வருடத்துக்கு ஒரு நாள் மனைப்பலகை போட்டு, அதன்மேல் புதுப் பாவாடை சட்டை, வளையல், பூ, மஞ்சள் எல்லாம் வைத்துக் கும்பிடுவார்கள். மகளை எங்கள் கூடத்தில் நிறுத்திய முதல் வருடமே, இங்கேயும் பலகை போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டுப் போட்டிருக்கிறார். அவர் கொண்டுவரும் துணியை நாங்கள் படமெடுத்து அவளுக்கு உடுத்திவிடுவோம். அவரைப் பார்த்து மற்றவர்களும் கேட்க, பிள்ளைகள் கூடத்தில் எல்லாம் நாற்காலிக்கு முன்னால் ஒரு பலகை வந்துவிட்டது.

அவருடைய மனைவி அம்பிகா மட்டும் இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அவர் வீட்டிலேயே பலகை போடுகிறார். ஒவ்வொரு வருடமும் ஐந்து வயதுப் பிள்ளைக்கு உண்டான அதே அளவில் பாவாடை தைக்கிறார். சாமி வளருமா என்று கேட்கிறாராம்.

"ஒரே நாள்ல ஒரே வீட்டுக்கு ரெண்டு அளவுல துணி எடுக்குறோம்," என்று சொல்லிப் பரஞ்சோதி லேசாகச் சிரித்தார். "கடைக்காரன் எங்களுக்கு ரெண்டு பொண்ணுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கான்."

படமெடுப்பதற்காகப் பையை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்து கதவு வரைக்கும் போனவர் திரும்பி நின்றார். "பாருங்கம்மா. ஆனா எதையும் மாத்திராதீங்க" என்றார். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களிடம் வருகிறவர்கள் எல்லாருக்கும் நாங்கள் எதையாவது தொட்டுக் கெடுத்துவிடுவோம் என்ற பயம் உண்டு.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் நறுமுகையின் கோப்பைத் திறந்தேன். கொஞ்ச நேரத்தில் விஷயம் புரிந்து, எனக்கு நானே "அட ஆண்டவரே" என்று சொல்லிக்கொண்டேன். கோளாறு அவ்வளவு சின்னது. இந்தப் படிப்பு படிக்கிறவர்கள் முதல் மாதத்திலேயே செய்து திட்டு வாங்குகிற தப்பு. இருந்தாலும் யார் இப்படிச் செய்தது என்று தெரிந்தாக வேண்டும். கூடங்களை அமைத்துக் கொடுப்பவர் பிச்சைமணி அண்ணன். கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து இருக்கிறவர், நெற்றியில் எப்போதும் திருநீறு இருக்கும். பின்கட்டில் ஒரு விளக்குச் சட்டத்தைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் கூடத்தில் அளவெல்லாம் எந்த இடத்திலிருந்து தொடங்குகிறது, பூஜ்யம் எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"பலகையிலதான்," என்றார், இது என்ன கேள்வி என்பதுபோல். "மத்த கூடத்துல ரூமுக்கு நடுவுல வச்சுக்குவேன். இங்க படையல் போடுறாகள்ல? படையலை வச்சுட்டா அசைக்கக் கூடாதும்மா. என்ன ஆனாலும் அது மட்டும் அசையக் கூடாதுன்னுதான் அதையே பூஜ்யமா வச்சேன். பிள்ளைகளையும் அதுல இருந்தே அளந்துதான் ஏத்துனேன். ஏன், தப்பா?"

பக்தியில் தப்பில்லை, கணக்கில்தான் தப்பு என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது. விளக்கிச் சொன்னால் இன்னும் நொந்துபோவாரே என்று அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

குலசேகரிடம் சொன்னதும், அவருக்கு முதலில் வந்த கவலை, வேறு எத்தனை கூடத்தில் இப்படி இருக்கிறது என்பதுதான். வளர்கிற பிள்ளைகள் அத்தனை பேரும் அப்படித்தான் என்றேன். இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று ஆச்சரியப்பட்டார். சொல்லித்தான் இருக்கிறார்கள். நம் பையன் பெரியவனாகிவிட்டான், வெட்கப்பட்டுத் தள்ளி நிற்கிறான் என்று ஒரு அம்மா வரவேற்புப் பெண்ணிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். எந்த அம்மாவாவது அதைப் போய்ப் புகாரென்று எழுதிக் கொடுப்பாரா?

ஆடி முதல் வெள்ளிக்குள் எல்லாக் கூடத்தையும் சரி செய்தாக வேண்டும் என்றார் குலசேகர். பரஞ்சோதி எதையும் மாற்ற வேண்டாமென்று சொல்லியிருக்கிறார் என்றேன்.

"அவர் அது கோளாறுன்னு தெரியாம சொன்னாரும்மா," என்றார். "கோளாறுன்னு நமக்குத் தெரிஞ்சப்புறமும் வச்சிருந்தா அது ஏமாத்து வேலை. நாளைக்கு வேற யாராவது கண்டுபிடிச்சுச் சொன்னா அந்த மனுசன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. உள்ளதைச் சொன்னால் எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஒரு மனிதர் இத்தனை வருடமாக மகள் கோபமாக இருக்கிறாள் என்று நினைத்து மருகிக்கொண்டிருக்கிறார். கோபமும் இல்லை ஒன்றும் இல்லை சார், ஒரு பலகைதான் காரணம் என்று என்னால் சொல்ல முடியும். நான் எழுதுகிற மென்பொருளால் ஒருவருடைய பாரம் இறங்கும் என்று அந்த வேலைக்கு வந்த பிறகு முதல் தடவையாகத் தோன்றியது. இரண்டே நாளில் எழுதி முடித்துவிட்டேன். கண்ணையும் நாற்காலியோடு சேர்த்துக் கட்டினேன். இனி அவள் எவ்வளவு உயரமானாலும் உட்கார்ந்திருப்பவர் கண்ணைத்தான் பார்ப்பாள்.

பிறந்தநாளன்று பரஞ்சோதி சீக்கிரமே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, புதுச்சட்டை, கையில் தாமரைப்பூ. கூடத்துக்குள் போகுமுன் கொஞ்சம் பேச வேண்டும் என்று அவரை என் அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்தேன். எனக்கு வாயெல்லாம் பல்.

"சார், உங்க போன்ல ஒரு போட்டோவைப் பெருசாக்கிப் பாப்பீங்கள்ல?" என்று ஆரம்பித்தேன். "மூஞ்சி மேலயே ரெண்டு விரலை வச்சு விரிச்சா, மூஞ்சி இருந்த இடத்துலயே பெருசாகும். மூலையில விரலை வச்சு விரிச்சா என்னாகும்?"

அவர் யோசித்தார். "மூஞ்சி நகந்து வெளிய போயிரும்."

"அவ்ளோதான் சார் விஷயம். எதைப் பெருசாக்குனாலும் ஒரு புள்ளி மட்டும்தான் அசையாம நிக்கும். மத்ததெல்லாம் அந்தப் புள்ளிய விட்டு வெலகிப் போகும். பாப்பாவை அவ காலடியில விரல் வச்சு வளத்திருக்கணும். படையல் பலகையில விரல் வச்சு வளத்துட்டாங்க. பலகை உங்க நாற்காலிக்கு முன்னாடி இருக்கு. அதான் வளர வளர உங்கள விட்டுத் தள்ளிப் போனா. அவ பாக்குற இடமும் அதே மாதிரி மேல ஏறிப்போச்சு. கோவமெல்லாம் ஒண்ணும் இல்ல சார்."

புரியவில்லையோ என்று நான் இன்னும் விளக்கினேன். இப்போது எப்படிச் செய்கிறோம் என்றால், முதலில் பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து பூஜ்யத்தில் நிறுத்துகிறோம், அங்கே வைத்து வளர்க்கிறோம், திரும்பக் கொண்டுபோய்ப் பழைய இடத்திலேயே விடுகிறோம், எல்லாம் கண்ணிமைக்கிற நேரத்துக்குள் முடிந்துவிடும், அவள் நகர்ந்ததே தெரியாது என்றேன். அவர் தாமரையைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

ஆமாம், எல்லாருக்கும் சேர்த்தே மாற்றிவிட்டோம் என்றேன். தலையாட்டிவிட்டு எழுந்தார்.

கூடத்துக்குள் அவரோடு நானும் போனேன். அப்படிப் போவது வழக்கமில்லை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் போனேன். பலகையில் தாவணியை விரித்து, வளையலையும் பூவையும் வைத்துக் கும்பிட்டார். கையுறையை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அவருக்கு நேர் பின்னால், தலைக்குப் பக்கத்தில் குனிந்துகொண்டேன். அங்கிருந்து பார்த்தால் ஓரளவு தெரியும்.

வந்து நின்றாள். மயில்கழுத்துத் தாவணி, இரட்டை ஜடை, அவருடைய அதே ஒல்லி உடம்பு. கை எட்டும் தூரத்தில் நின்றாள். நேராக அவர் கண்ணைப் பார்த்தாள். நான் எழுதியதைப் பார்த்து எனக்கே மெய்சிலிர்த்தது.

அவர் கையை நீட்டினார். ஜடை நுனி விரலுக்குள் வந்தது. பிடித்துக்கொண்டார். இத்தனை வருடம் கழித்துத் தொடுகிறார். அழுவார், என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்வார் என்று நான் காத்திருந்தேன். ரிப்பனை விரலால் ஒரு முறை தடவினார். பிறகு சூடான பாத்திரத்தைத் தொட்டவர்போல் கையை எடுத்துவிட்டார்.

"இந்த வருஷமும் வளந்திருக்காளா?"

"வளந்திருக்கா சார்."

"நகரலையா?"

"ஒரு நூல்கூட நகரல சார்," என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் கையுறையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவளைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் பேச ஆரம்பித்ததும் என்னிடம்தான் பேசுகிறார் என்று எனக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. விபத்து நடந்த நாளைப் பற்றிச் சொன்னார். காய்கறி மார்க்கெட்டுக்கு மகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். வண்டியை நிறுத்திக்கொண்டிருக்கும்போது லாட்ஜிலிருந்து போன் வந்திருக்கிறது. ஏதோ ரூம் தகராறு. அவள் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளையே இல்லையாம். ஒரு இடத்தில் நில் என்றால் நாலு இடத்தில் நிற்பாளாம். கோபத்தில் ஒரு சுவர் ஓரமாகக் கொண்டுபோய் நிறுத்தி அதட்டியிருக்கிறார்.

"இங்கயே நில்லு, நான் சொல்ற வரைக்கும் ஒரு அடி நகரக் கூடாதுன்னு சொன்னேன். பின்னால ஒரு லாரி ரிவர்ஸ்ல வந்துச்சு. எல்லாரும் கத்துறாங்க. நின்னவங்க அத்தன பேரும் ஒதுங்கிட்டாங்க. அவ நகரலம்மா. நான் சொல்லுவேன்னு எம் மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னா. அன்னைக்குன்னு பாத்துச் சொன்ன பேச்சைக் கேட்டுட்டா."

எதிரே அவள் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"மொத வருஷம் இங்க வந்து உக்காந்தப்ப, அப்படியேதான் நின்னா. எந்திரிச்சு ஓடிரலாம்னு இருந்துச்சு. அடுத்த வருஷம் கொஞ்சம் தள்ளி நின்னா. அதுக்கடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். நான் ஒண்ணும் சொல்லாமயே நகர்றா. எனக்கு அது எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்குச் சொல்லத் தெரியலம்மா. எம்மேல கோவமாவே இருக்கட்டும், மூஞ்சியக்கூடப் பாக்க வேணாம். நகர்றால்ல? அது போதும்னு இருந்தேன்."

என்ன செய்வது என்று தெரியாமல் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். பழைய கணக்கு என்னிடம் அப்படியே இருக்கிறது சார், பாப்பாவுக்கு மட்டும் திரும்பப் போட்டுவிடுகிறேன், ஒரு நிமிட வேலை, முதலாளிக்குத் தெரிய வேண்டியதில்லை, யாருக்குமே தெரியாது சார் என்று கெஞ்சுகிற மாதிரி சொன்னேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் கொஞ்சமும் இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலை.

"எனக்குத் தெரியுமேம்மா," என்றார்.

எழுந்து நின்றார். அவர் எழுந்ததும் கூடத்தில் அவள் கலைந்து போனாள். வேட்டியைச் சரிசெய்துகொண்டு, என்னிடம் வருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனார். தாவணியைப் பலகையிலேயே விட்டுவிட்டார்.

மற்ற கூடங்களில் நான் செய்த மாற்றத்துக்கு நல்ல பெயர்தான் கிடைத்தது. பையன் வெட்கப்படுகிறான் என்று சொன்ன அந்த அம்மா இனிப்பு வாங்கி வந்தார். பையன் பக்கத்தில் வந்துவிட்டானாம், வெட்கம் போய்விட்டதாம். குலசேகர் எல்லாரையும் கூப்பிட்டு வைத்து என்னைப் பாராட்டினார். பிச்சைமணி அண்ணன் மட்டும் பின்வரிசையில் நின்றுகொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரிடம் பரஞ்சோதி சொன்னதைச் சொல்லியிருந்தேன். சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அதையாவது என்னோடு வைத்துக்கொண்டிருக்கலாம்.

பரஞ்சோதி அதன்பிறகு வரவில்லை. கூடத்தை மூடிவிடுங்கள் என்றும் சொல்லவில்லை. ஒரு வருடம் பார்த்துவிட்டு, ஆடி பிறந்ததும் நானே லாட்ஜுக்குப் போன் போட்டேன். நலமெல்லாம் விசாரித்தார். பாப்பா பிறந்தநாள் வருகிறதே, துணி எடுத்தாயிற்றா சார் என்று கேட்டேன். எடுத்தாயிற்று என்றார். இந்தத் தடவை அவரும் அம்பிகாவும் சேர்ந்தே கடைக்குப் போனார்களாம், வீட்டிலேயே பலகை போட்டுக் கும்பிடப் போகிறார்களாம்.

"ஒரே துணிதாம்மா இப்ப," என்றார். "அஞ்சு வயசு அளவு."

நல்லது சார் என்று சொல்லிப் போனை வைத்தேன். நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் ஒன்றாகிவிட்டார்கள் என்று வேண்டுமானால் சந்தோஷப்படலாம். அவர் ஒன்பது வருடமாக வளர்த்து ஆளாக்கிய பெண் என்ன ஆனாள்?

பிறந்தநாளன்று யார் வந்தாலும் வராவிட்டாலும் கணினி தன் வேலையைச் செய்துவிடும். வளர்ச்சி ஏறிவிட்டது என்று என் திரையில் தகவல் வந்தது. சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதும் என் வேலைதான். அப்படிச் சொல்லிக்கொண்டுதான் அந்தக் கூடத்துக்குப் போனேன். பலகை வெறுமையாக இருந்தது, ஓரத்தில் தூசி. துணி எதுவும் வராததால் பழைய தாவணியோடுதான் இருப்பாள் என்று தெரியும். நாற்காலியில் உட்கார்ந்தேன்.

பதினைந்து வயது நறுமுகை வந்து நின்றாள். போன வருடத்துக்கு இப்போது ஒரு பிடி உயரம். முகத்தில் குழந்தைத்தனம் கொஞ்சம் குறைந்திருந்தது. நின்ற இடத்தைப் போன வருடத்துக் குறியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். பாதம் ஒரு நூல்கூடப் பிசகவில்லை. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. அவள் கண்ணை எடுக்காமல் என்னையே பார்த்தாள். அடுத்தது நான் ஏதோ சொல்லப்போகிறேன் என்பதுபோல் பார்த்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. கணினிக்குக் காது கிடையாது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்தக் கட்டடத்தில் யாரும் இல்லை. ஆனாலும் சொன்னேன். "போம்மா. நிக்காத. எங்கிட்டாவது போ."

அவள் ஜடையை முன்னால் இழுத்து ரிப்பனைச் சரிசெய்துகொண்டாள். நின்ற இடத்திலேயே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.